கெளுத்திக் குஞ்சு எந்த இனம்? உருவத்தை வைத்துக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வண்ணமீன் கடைகளில் கெளுத்தி வகைக் குஞ்சுகள் பெரும்பாலும் விரல் நீளத்தில்தான் விற்பனைக்கு வருகின்றன. சென்னைக் கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பைகளில் வந்து இறங்கும்போதே பல இனங்கள் சில பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன: சக்கர், ஷார்க், டேங்க் கிளீனர், கேட்ஃபிஷ். வாங்குகிறவர் இரண்டடித் தொட்டியில் கொண்டுபோய் விடுகிறார். அந்தக் குஞ்சு 7 செ.மீ.யில் நின்றுவிடுமா, ஒரு மீட்டரைத் தாண்டுமா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதன் உடம்பு சொல்லும்.

இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் தோல், அடுத்து வாயும் மீசையும், அடுத்து துடுப்பு, கடைசியில் நிறம். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். குஞ்சின் நிறம் வளர வளர மாறும், பயத்தில் வெளுக்கும், விளக்கு மாறினாலும் மாறும். துடுப்பைக் குச்சிபோல் தாங்கும் கதிர்களின் எண்ணிக்கை 4 செ.மீ.யில் எவ்வளவோ 40 செ.மீ.யிலும் அவ்வளவுதான். மாறாததை முதலில் பார்த்தால், மாறுவது நம்மை ஏமாற்ற இடமிருக்காது.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

பக்கங்கள் தட்டையாக உள்ள, ஒளி ஊடுருவும் சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. வட்டமான கண்ணாடிக் குடுவை வேண்டாம். வளைவு மீனின் உருவத்தைத் திரித்துக் காட்டும். டப்பா மீனின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் மீன் திரும்பிக்கொண்டே இருக்கும், எதையும் எண்ண முடியாது.

ஒரு வெள்ளைத் தாள், 15 செ.மீ. ஸ்கேல், சிறிய டார்ச், கேமரா உள்ள கைபேசி. துடுப்புக் கதிர்களை நேரில் எண்ணுவது கடினம். படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணுவதே நடைமுறை.

நம் பகுதிக்கென்று ஒன்று சொல்லவேண்டும். போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில், நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் வெள்ளை உப்புப் படிவு கட்டியிருக்கும். அதன் வழியாக எடுத்த படத்தில் இல்லாத புள்ளிகள் தெரியும், இருக்கும் கோடுகள் மறையும். கடைத் தொட்டியை வெளியிலிருந்து படமெடுத்து அனுப்பி "இது என்ன மீன்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தப் படிவுதான். டப்பாவைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

2. பிடிக்கும்போது வலையைத் தள்ளி வையுங்கள்

கெளுத்திகளில் பலவற்றுக்கு முதுகுத் துடுப்பின் தொடக்கத்திலும், இரண்டு மார்புத் துடுப்புகளின் தொடக்கத்திலும் கடினமான முள் உண்டு. மிரண்டால் அதை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் ஓரம் ரம்பம்போல இருப்பதால் நைலான் வலையில் மாட்டினால் எளிதில் வராது. இழுத்தால் முள் ஒடியும் அல்லது தோல் கிழியும். பத்தாம் பகுதியில் வரும் பிக்டஸ், சைனோடான்டிஸ் என்ற கெளுத்திகள் இரண்டும் இப்படி மாட்டுவதில் முன்னணி.

ஆகவே டப்பாவையே நீருக்குள் சாய்த்து, வலையின் பின்புறத்தால் மீனை அதற்குள் ஓட்டுங்கள். அதே தொட்டி நீரோடு தூக்குங்கள். கடைக்காரரிடம் "அண்ணா, டப்பாவில் எடுத்துக் காட்டுங்கள்" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

கையால் பிடிக்கவேண்டாம். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். முள் உள்ளேயே ஒடிந்து தங்கினாலோ, வீக்கம் பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் போகவேண்டும்.

3. சற்று பொறுத்து, மூன்று படங்கள்

டப்பாவுக்குள் வந்தவுடன் மீன் வெளுத்துப்போகும், துடுப்புகளை மடித்து ஒடுங்கும். மேலே ஒரு துணியைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் மூச்சு சீராகும், முதுகுத் துடுப்பு மெல்ல எழும். அந்த நேரத்தில்தான் படமெடுக்கவேண்டும்.

மூன்று கோணங்கள் போதும். பக்கவாட்டில் முழு உடம்பு, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து. நேர்மேலிருந்து ஒன்று; தலையின் அகலம் இதில்தான் தெரியும். டப்பாவைத் தூக்கிக் கீழிருந்து ஒன்று. வாயும் வயிறும் இதில் கிடைக்கும். புதியவர்கள் முதல் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். சக்கர் இனங்களைப் பிரிக்கும் அடையாளங்களில் பாதி வயிற்றுப் பக்கம் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் இதை நண்பகலில் செய்யாதீர்கள். வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்களில் சிறிய டப்பாவின் நீர் விரைவில் சூடேறி, ஆக்சிஜன் குறைந்துவிடும். காலையில் செய்து, வேலை முடிந்தவுடன் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

4. முதலில், இது கெளுத்திதானா?

கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது. ஒன்று வெற்றுத் தோல் இருக்கும், இல்லையென்றால் எலும்புத் தகடு இருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் பளபளத்தால் அது கெளுத்தி இல்லை.

இந்தச் சோதனையிலேயே மூன்று மீன்கள் கழிந்துவிடும். பாலா ஷார்க், சிவப்பு வால் ஷார்க் இரண்டும் கெண்டைக் குடும்பத்தவை. சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று விற்கப்படும் ஒல்லியான மீன் (மஞ்சள் நிறத்திலும் வரும்) கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதால் சக்கர் என்றே நம்பப்படுகிறது. அதற்குச் செதில் உண்டு, துடுப்பில் முள் இல்லை, வாலுக்கு முன்னால் முதுகில் இரண்டாவது துடுப்பும் இல்லை. குளி லோச் என்ற மீனின் செதில் மிகச் சிறியது, மீசையும் இருப்பதால் குழப்பம் வரும். அதன் மீசை சிறு கற்றையாக வாயை ஒட்டி இருக்கும், முதுகுத் துடுப்பு உடம்பின் நடுவைத் தாண்டிப் பின்னால் இருக்கும்.

மீசை இருந்தால் கெளுத்தி என்று முடிவெடுப்பதும் தவறு, மீசை தெரியவில்லை என்பதால் கெளுத்தி இல்லை என்பதும் தவறு. சக்கரின் மீசை வாயோரத்தில் ஒட்டிய சிறு நுனி மட்டுமே.

5. தோல்: கவசமா, வெற்றுத் தோலா?

கெளுத்தி என்று உறுதியான பிறகு, எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்க இது ஒன்றே போதும்.

பக்கவாட்டில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று இரண்டே வரிசையில் அகலத் தகடுகள் ஒன்றையொன்று கவ்வி நின்றால் அது கோரிடோராஸ் கூட்டம். ஏழாம் பகுதிக்குப் போங்கள்.

தகடுகள் பல வரிசைகளில் சொரசொரப்பாக உடம்பை மூடியிருந்து, வாய் கீழ்ப்புறம் வட்ட உறிஞ்சியாக இருந்தால் அது சக்கர் கூட்டம். ஆறாம் பகுதி.

தகடே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் எட்டாம் பகுதிக்குப் போகலாம்.

2 செ.மீ.க்கும் குறைந்த குஞ்சுகளில் தகடு தெளிவாகத் தெரியாது. அத்தனை சிறியதை இனம் பிரிக்க முயலவேண்டாம். சில வாரங்கள் வளரட்டும்.

6. சக்கர் வாய்: முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள்

நம் கடைகளில் மிகுதியாக விற்பது இந்தக் கூட்டம்தான், மிகுதியாக ஏமாற்றம் தருவதும் இதுவே. ஆகவே இங்கே நிதானமாகப் போகலாம்.

டப்பாவின் பக்கச் சுவரில் மீன் ஒட்டிக்கொள்ளும். அப்போது டப்பாவை லேசாகச் சாய்த்தால், சமநிலைக்காக முதுகுத் துடுப்பைப் பாய்மரம்போல விரிக்கும். அந்த நொடியில் படமெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முன்னால் தடித்த ஒரு முள் தெரியும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் மென்மையான கதிர்களை அடிப்பக்கத்தில் எண்ணவேண்டும். ஒவ்வொரு கதிரும் மேலே போகப்போகக் கிளைவிடும். நுனியில் எண்ணுபவர்களுக்கு எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரிவது இதனால்தான்.

மென்கதிர்கள் பத்துக்கு மேல் இருந்தால் அது டெரிகோப்ளிக்திஸ், அதாவது பாய்த் துடுப்பு சக்கர். "சாதாரண சக்கர்" என்று சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் இதுதான். தென் அமெரிக்க மீன். நன்றாகத் தின்றால் 40 செ.மீ.யை எட்டும். மூன்றடித் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது.

7 அல்லது 8 இருந்தால் நீங்கள் தேடும் புஷிநோஸாக, அதாவது அன்சிஸ்ட்ரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அது 12 முதல் 15 செ.மீ.யில் நின்றுவிடும். வீட்டுத் தொட்டிக்குச் சக்கர் வேண்டுமென்றால் என் தேர்வு எப்போதும் இதுதான்.

"மூக்கில் தாடி இல்லையே, இது எப்படிப் புஷிநோஸ் ஆகும்?" என்று குஞ்சைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். அந்தத் தாடி குஞ்சுகளுக்கு இருக்காது. ஆண் மீன் 5, 6 செ.மீ. தாண்டும்போதுதான் முளைக்கத் தொடங்கும். பெண்ணுக்கு ஒன்றிரண்டு சிறு இழைகளோடு நின்றுவிடும், அல்லது வரவே வராது. தாடியைத் தேடாமல், மேலிருந்து எடுத்த படத்தில் தலையைப் பாருங்கள். அன்சிஸ்ட்ரஸின் தலை அகலமாக, தட்டையாக, முகப்பில் மழுங்கி இருக்கும். டெரிகோப்ளிக்திஸின் தலை நீண்டு, உயர்ந்து, முன்னே குறுகும்.

அண்மையில் குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்வோம். இளமஞ்சள் உடம்பு, சிவந்த கண். "அல்பினோ புஷிநோஸ்" என்று விற்றிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்திலுமே அல்பினோ உண்டு என்பதால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துடுப்பு விரிந்த படம் ஒன்று கேட்டேன். முள்ளை விட்டுவிட்டு எண்ணினால் பன்னிரண்டு கதிர்கள். அது டெரிகோப்ளிக்திஸ்; அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. 

டெரிகோப்ளிக்திஸ் என்று தெரிந்த பிறகு எந்த இனம் என்று பார்க்க விரும்பினால், கீழிருந்து எடுத்த படத்துக்கு வாருங்கள். வெளிர் வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியாக நின்றால் பர்டாலிஸ். புள்ளிகள் இணைந்து புழு நெளிவதுபோன்ற வரிகளாகியிருந்தால் டிஸ்ஜங்டிவஸ். இரண்டும் கலந்த வடிவங்களும் அதிகம், கலப்பினங்களும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே குஞ்சுப் பருவத்தில் இந்த அடையாளத்தை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். வளர்ப்பவருக்கு இந்த வேறுபாட்டால் பெரிய பயனும் இல்லை, இரண்டுமே பெரிதாக வளரும்.

சிறுத்தைப் புள்ளிகளோடு, பிடரியில் திமில்போன்ற மேடு எழுந்து, பாய்த் துடுப்பு கண்ணைப் பறிக்கும் அளவில் இருந்தால் அது கிப்பிசெப்ஸ். குஞ்சில் இதைவிட அழகான சக்கர் கிடையாது. அதனால்தான் சிறிய தொட்டிக்காரர்களும் வாங்கிவிடுகிறார்கள். அதுவும் பத்துக்கு மேல் கதிர் கொண்டதுதான். அரை மீட்டர்வரை வளரக்கூடியது.

கடைசியாக ஆட்டோசிங்க்லஸ். 4 செ.மீ.க்குள் ஒல்லியான உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை ஒரே கருங்கோடு. மேலே சொன்ன சக்கர்களுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் சிறிய கொழுப்புத் துடுப்பு ஒன்று இருக்கும். இதற்கு அது இல்லை. 4 செ.மீ. என்றால் "குஞ்சு" என்று நினைத்துவிடாதீர்கள், இதற்கு அதுவே முழு வளர்ச்சி.

7. கோரிடோராஸ்: இங்கே மட்டும் நிறத்துக்குச் சற்று மதிப்பு உண்டு

இரண்டு வரிசைத் தகடு, கீழ்நோக்கிய சிறிய வாய், வாயோரத்தில் குட்டையான மீசை, மணலைக் கிளறும் பழக்கம். இவ்வளவு பார்த்தாலே கூட்டம் உறுதியாகிவிடும். அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். குடலால் காற்றைச் சுவாசிக்கும் இயல்பு அது. நோய் என்று மருந்து ஊற்றவேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை 7 செ.மீ.க்குள் அடங்கும். ஆகவே இனம் தவறிப்போனாலும் தொட்டி அளவில் ஆபத்து இல்லை. ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. பாண்டாவும், பெப்பர்டு என்னும் பலேயாட்டஸும் குளிர்ந்த நீரை விரும்புபவை. வேலூர்க் கோடையில் 30 டிகிரிக்கு மேல் போகும் தொட்டியில் தளர்ந்துவிடும். ஸ்டெர்பாய் அவற்றைவிட வெப்பத்தைத் தாங்கும். நம் ஊரில் கோரி இனத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளவேண்டிய காரணம் இதுதான்.

3 செ.மீ.யைத் தாண்டிய குஞ்சில் பாருங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, முதுகுத் துடுப்பு கறுப்பு, வாலடியில் ஒரு கரும்புள்ளி: பாண்டா. சாம்பல் உடம்பில் ஒழுங்கில்லாத கருந்திட்டுகள்: பெப்பர்டு. கரிய தலையில் வெண்புள்ளிகள், மார்புத் துடுப்பின் முள் ஆரஞ்சு: ஸ்டெர்பாய். திட்டே இல்லாமல் வெண்கல, பச்சைப் பளபளப்பு: ஏனியஸ்.

"ஜூலியை" என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ட்ரைலினியேட்டஸ். தலையில் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஜூலியை, இணைந்து வலைக்கோடுகளாகியிருந்தால் ட்ரைலினியேட்டஸ். வளர்ப்பு முறை ஒன்றே என்பதால் இதற்காக அதிக விலை கொடுக்கவேண்டாம்.

பச்சைப் பளபளப்புள்ள குஞ்சு ஏனியஸா, எமரால்டு எனப்படும் ப்ரோக்கிஸா என்று ஐயம் வந்தால் மறுபடியும் முதுகுத் துடுப்பை எண்ணுங்கள். ஏனியஸுக்கு 7 அல்லது 8 மென்கதிர், எமரால்டுக்குப் பத்தும் அதற்கு மேலும்.

2024இல் ஆய்வாளர்கள் கோரிடோராஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். புதிய நூல்களில் பெயர் வேறாக இருக்கும். கடையில் எல்லாமே இன்னும் கோரிதான்.

8. வெற்றுத் தோல்: மீசை எத்தனை ஜோடி?

தகடில்லாத கெளுத்திகளில் மீசையின் எண்ணிக்கையே முதல் சாவி. பக்கவாட்டில் பார்த்து எண்ணக்கூடாது. டப்பாவின் முன்சுவருக்கு மீன் முகம் காட்டும்போதும், கீழிருந்தும் பாருங்கள். மேல்தாடையின் நீண்ட ஜோடி எளிதில் தெரியும். தாடைக்குக் கீழே உள்ள ஜோடிகள் உடம்போடு படிந்திருக்கும். மூக்குத் துளையருகே ஒரு ஜோடி இருக்கிறதா என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

இரண்டு ஜோடி என்றால் பங்காசியஸ் அல்லது கண்ணாடிக் கெளுத்தி. கண்ணாடிக் கெளுத்தியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உடம்புக்குள் முதுகெலும்பு தெரியும், முதுகுத் துடுப்பு இருக்கும் இடமே தெரியாது. 2013வரை வேறொரு இனத்தின் பெயரால் அறியப்பட்டிருந்தது. அந்த ஆண்டுதான் க்ரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்ற பெயர் பெற்றது.

மூன்று ஜோடி என்றால் பத்தாம் பகுதி. நான்கு ஜோடி என்றால் பதினொன்றாம் பகுதி. அது பெரும்பாலும் நம் ஏரிகளின் மீனாகவே இருக்கும்.

9. "ஷார்க்" என்னும் பங்காசியஸ்

5 செ.மீ. குஞ்சு வெள்ளிபோல் மின்னும். பக்கவாட்டில் நீளவாக்கில் இரண்டு கரும்பட்டைகள், பெரிய கண், நிமிர்ந்த கூர்மையான முதுகுத் துடுப்பு. வயிற்றுக்குப் பின்னாலிருந்து வாலருகே வரை நீளும் குதத் துடுப்பை உறுதியான அடையாளமாகக் கொள்ளலாம். பாலா ஷார்க்குக்கு இந்த நீளமான துடுப்பு கிடையாது.

நடத்தையும் உதவும். மற்ற கெளுத்திகள் தரையில் ஒதுங்கும்போது இது நடுநீரில் ஓயாமல் நீந்தும். வளர வளரப் பட்டைகள் மங்கிச் சாம்பலாகிவிடும். பட்டை இல்லாத பெரிய மீனைப் பார்த்து இது வேறு இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. "ஒயிட் ஷார்க்" என்று வருவது இதே மீனின் அல்பினோ வடிவம்.

மேகாங், சாவ் பிரயா ஆறுகளின் மீன் இது. 130 செ.மீ.வரை வளரும். இந்தியாவில் உணவுக்காகக் குளங்களில் வளர்க்கப்படுவதும் இதுவே. எந்த வீட்டுத் தொட்டியும் இதற்குப் போதாது. அடையாளம் தெரிந்துவிட்டால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

10. மூன்று ஜோடி மீசை: சிறியதும் பூதமும் அருகருகே

பிக்டஸ், ரெட் டெயில், ஷவல்நோஸ், சைனோடான்டிஸ் நான்கும் இங்கே வரும். முதல் மூன்றின் குஞ்சுகள் ஒரே தொட்டியில் விற்பனைக்கு இருப்பதுண்டு. அவற்றின் வளர்ச்சியோ 12 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வரை வேறுபடும்.

மேலிருந்து எடுத்த படத்தை முதலில் பாருங்கள். மூக்கு வாத்தின் அலகுபோல நீண்டு தட்டையானால் ஷவல்நோஸ். தலை உடம்பைவிட அகன்று, வாய் முகத்தின் முழு அகலத்துக்கும் பிளந்திருந்தால் ரெட் டெயில். தலை சிறியதாய், வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகளோடு, மேல்மீசை வால்வரை எட்டினால் பிக்டஸ்.

ரெட் டெயில் குஞ்சில் சிவப்பு வாலைத் தேடுவதுதான் புதியவர்களின் வழக்கமான சறுக்கல். குஞ்சின் வாலில் நிறம் இன்னும் ஏறாமல் இருக்கலாம். கரிய முதுகுக்குக் கீழே, வாயிலிருந்து வால்வரை ஓடும் வெண்பட்டையைப் பாருங்கள். சிறு வயதிலேயே தெளிவாக இருக்கும்.

சைனோடான்டிஸ் ஆப்பிரிக்க மீன். கீழ்த்தாடை மீசைகளில் இறகுபோலக் கிளைகள் இருக்கும். பிக்டஸின் மீசை வெறும் நூல்தான். பெரிய கொழுப்புத் துடுப்பும், செவுளுக்குப் பின்னால் தோளில் நீட்டிய எலும்பும் கூடுதல் சான்று.

"தலைகீழ் கெளுத்தி" என்று கேட்டு வாங்குபவர்கள் விரும்புவது 10 செ.மீ.க்குள் நிற்கும் நைக்ரிவென்ட்ரிஸ். கையில் கிடைப்பதோ பலமுறை யூப்டெரஸ் குஞ்சு. அது 20 செ.மீ.யைத் தாண்டும். யூப்டெரஸும் அவ்வப்போது தலைகீழாக நீந்தும், நைக்ரிவென்ட்ரிஸின் இளங்குஞ்சு முதல் சில வாரங்கள் நேராகவே நீந்தும். ஆகவே நீந்தும் விதத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. வயிற்றையும் முதுகையும் ஒப்பிடுங்கள். வயிறு முதுகைவிடக் கறுத்திருந்தால் நைக்ரிவென்ட்ரிஸ். தலைகீழாக நீந்தும் மீனுக்கு மேற்புறம் வயிறுதானே, அதற்கேற்ற நிறம் அது. யூப்டெரஸ் குஞ்சின் உடம்பில் வரிகளும் வலைக்கோலமும் இருக்கும், வளர்ந்த பிறகு அவை புள்ளிகளாகிவிடும். வளர்ந்த மீனின் படத்தோடு குஞ்சை ஒப்பிட்டுப் பார்த்து "இது அது இல்லை" என்று முடிவுகட்டுபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

11. ஏரியிலிருந்து வந்த குஞ்சுகள்

பாலாற்றில் வெள்ளம் வந்து காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகள் நிரம்பும் ஆண்டுகளில், மதகுகளிலும் கால்வாய்களிலும் பிடித்த குஞ்சுகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சிலசமயம் அவை கடைத் தொட்டிக்கும் வந்துவிடும்.

நான்கு ஜோடி மீசை, முதுகுத் துடுப்பில் முள், பின்னால் கொழுப்புத் துடுப்பு, பிளந்த வால்: இது மிஸ்டஸ் கூட்டத்துக் கெளுத்தி. தோளில் ஒரு கரும்புள்ளியும் உடம்பில் நீளவாக்கில் கோடுகளும் இருந்தால் விட்டேட்டஸ். தொட்டிக்குப் பொருத்தமான, அழகான நம் ஊர் மீன். தன்னைவிடச் சிறியதைத் தின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான்கு ஜோடி மீசை, முதுகில் முள்ளில்லாத மிகச்சிறிய ஒற்றைத் துடுப்பு, கொழுப்புத் துடுப்பு இல்லை, நீண்ட குதத் துடுப்பு: தேளி. குஞ்சு செம்பழுப்பாக இருக்கும். மார்புத் துடுப்பின் முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கடும் வலி. குழந்தைகள் கைவிடும் தொட்டியில் வைக்கவேண்டாம்.

நான்கு ஜோடி மீசை, முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை நீண்டிருந்தால் க்ளேரியஸ். நாட்டுக் கெளுத்தியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதில் அடங்கும். விரல் நீளக் குஞ்சில் இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முயலாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத க்ளேரியஸ் குஞ்சை ஏற்காமல் இருப்பதே சரி.

12. நிறத்தை எப்போது நம்பலாம்

முன்சொன்ன எல்லாம் முடிந்து, ஒரே கூட்டத்துக்குள் இரண்டு மூன்று இனங்கள் மிஞ்சும்போது மட்டும். அப்போதும் ஒரே குஞ்சைப் பார்க்காமல் அந்தத் தொட்டியில் உள்ள ஐந்தாறு குஞ்சுகளை ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வரும் புள்ளி இனத்தின் அடையாளம். ஒன்றில் மட்டும் இருப்பது அந்த மீனுக்கே உரியது.

கறுப்புத் தரை போட்ட தொட்டியில் மீன் இருண்டிருக்கும், வெள்ளை மணலில் வெளுத்திருக்கும். கடைகளின் நீல, இளஞ்சிவப்பு விளக்குகளில் சிவப்பெல்லாம் பொய். டார்ச்சின் வெள்ளை ஒளியில் பாருங்கள்.

13. பெயரை எங்கே நிறுத்துவது

ஒவ்வொரு குஞ்சுக்கும் இனப்பெயர் கண்டே தீரவேண்டும் என்பதில்லை. "டெரிகோப்ளிக்திஸ், எந்த இனம் என்று உறுதியில்லை" என்பது முழுமையான விடை. எவ்வளவு பெரிதாகும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. சான்று கூட்டம்வரைதான் இருக்கிறது என்றால் கூட்டத்தோடு நில்லுங்கள்.

தேதி, நீளம், கதிர் எண்ணிக்கை, மீசை ஜோடி, மூன்று படங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளப்பது நல்லது. வால் நுனி கிழிந்திருந்தால் முழு நீளம் தவறாக வரும். அதே தீனியில் அன்சிஸ்ட்ரஸ் மெதுவாக வளரும்போது டெரிகோப்ளிக்திஸ் கண்ணெதிரே நீளும். ஐயத்தில் நின்ற குஞ்சுகள் பல இந்த இரண்டாவது அளவில் தெளிவாகிவிடும்.

வாங்கியபிறகு பெரிய இனம் என்று தெரியவந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். குஞ்சாக இருக்கும்போது வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள், ஒரு முழம் வளர்ந்தபின் யாரும் வாங்கமாட்டார்கள். ஓட்டேரியிலோ சதுப்பேரியிலோ பாலாற்றிலோ விடவே கூடாது. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் டெரிகோப்ளிக்திஸ் பெருகியிருப்பது தொட்டிகளிலிருந்து வெளியேறிய மீன்களால்தான். அது கரையில் வளை தோண்டி முட்டையிடும், காற்றையும் சுவாசிக்கும் என்பதால் நீர் வற்றும் ஏரியிலும் தாக்குப்பிடிக்கும். மீனவர் வலையில் மாட்டினால் சொரசொரப்பான தகடும் முள்ளும் வலையையே கிழித்துவிடும்.